கீபோர்டில் சொந்தமாக அமைத்த தாளங்களை மெமரி கார்டில் பத்திரப்படுத்துவது எப்படி?

கோயில் திருவிழா மேடையிலும் கல்யாண விருந்து மண்டபத்திலும் கீபோர்டு வாசிக்கும் கலைஞர்கள் கருவியைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள். மழை தூறினால் முதலில் அதைத்தான் மூடுவார்கள். ஆனால் அந்தக் கருவிக்குள் அவர்களே பல ஆண்டுகளாக அமைத்து வைத்திருக்கும் தாளங்களுக்கு இரண்டாவது பிரதி வைத்திருப்பவர்கள் குறைவு.

ஒரு நாள் கருவிக்கு உயிர் வராது. பழுது பார்க்கும் கடையில் உள்ளிருக்கும் பலகையை மாற்றிக் கொடுப்பார்கள். கருவி புதிது போல ஒலிக்கும். ஆனால் 'யூசர்' பக்கத்தைத் திறந்தால் வெறுமையாக இருக்கும். பலகையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதில் இருந்த உறுமி தாளத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கீபோர்டில் 'ஸ்டைல்' என்று சொல்லப்படுவது வெறும் டிரம்ஸ் தாளம் அல்ல. இடது கையில் ஒரு கார்டைப் பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார், தந்தி வாத்தியங்கள் எல்லாம் அந்தக் கார்டுக்கு ஏற்ப உடன் வாசிக்கும் முழுப் பக்கவாத்தியம் அது. யமாஹா கருவிகளில் ஒரு ஸ்டைலுக்கு எட்டு வாத்தியத் தடங்கள் உண்டு: தாளத்துக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, கார்டுக்கு இரண்டு, பேடுக்கு ஒன்று, இடையில் வரும் சிறு இசைத் துணுக்குகளுக்கு இரண்டு. தொடக்கம், நான்கு முதன்மைப் பகுதிகள், அவற்றை இணைக்கும் ஃபில்கள், முடிவு எனப் பகுதிகளும் தனித்தனி. அதனால்தான் ஒரு ஸ்டைலை முழுதாக அமைக்கப் பல இரவுகள் ஆகின்றன.

நம் கலைஞர்களுக்கு இந்த உழைப்பு தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கருவியோடு வரும் ஸ்டைல்களில் வால்ட்ஸ் இருக்கும், சம்பா இருக்கும், போல்கா கூட இருக்கும். காவடிக்கு முன்னால் போகும் உறுமி மேளத்தின் நடை இருக்காது. யமாஹா நிறுவனம் இந்திய இசைக்கென்றே பிஎஸ்ஆர்-ஐ455, பிஎஸ்ஆர்-ஐ500 போன்ற மாடல்களை வெளியிட்டது. தபேலாவும் தோலக்கும் அவற்றில் கிடைத்தன. ஆனாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்மிக்கும், வெள்ளிக்கிழமை பஜனைக்கும், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை உள்ளே வரும்போது அடிக்கும் குத்துக்கும் ஏற்ற நடையை வாசிப்பவர்தான் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே அது அவருடைய சொத்து.

எங்கே இருக்கிறது அந்த ஸ்டைல்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. யமாஹாவின் 'ஸ்டைல் கிரியேட்டர்' பக்கத்தில் ஒரு தாளத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது அது தற்காலிக இடத்தில்தான் நிற்கிறது. 'சேவ்' கொடுக்காமல் வேறு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தாலோ, மின்சாரம் போனாலோ அது மறைந்துவிடும். சேவ் கொடுத்த பிறகு கருவியின் உள்நினைவகமான 'யூசர்' பகுதிக்குப் போகிறது. பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பலகை மாற்றினாலோ, கருவியை முழுமையாக ரீசெட் செய்தாலோ யூசர் பகுதியும் போய்விடலாம். வேறு சில பழைய கருவிகளில் உள்நினைவகத்தை ஒரு சிறு பேட்டரிதான் தாங்கி நிற்கிறது. அது தீர்ந்துபோனால் சேமித்ததும் தீர்ந்துபோகும்.

ஆகவே மூன்றாவது படியாக, அதைக் கருவிக்கு வெளியே கொண்டுவர வேண்டும்.

யமாஹா பிஎஸ்ஆர் வகை

2004 வாக்கில் வந்த பிஎஸ்ஆர்-1500, பிஎஸ்ஆர்-3000 ஆகியவை இன்றும் பல குழுக்களில் உழைக்கின்றன. இவற்றில் 'ஸ்மார்ட்மீடியா' என்ற மெல்லிய அட்டைக்கான துளை உண்டு. பின்னால் வந்த பிஎஸ்ஆர்-எஸ் வரிசையில் அந்த இடத்தை யூஎஸ்பி விரலி பிடித்துக்கொண்டது. இரண்டிலும் வேலை ஒன்றேதான்.

அட்டையைச் செருகி, ஸ்டைல் பட்டியலைத் திறந்தால் திரையின் மேல் 'பிரீசெட்', 'யூசர்', 'கார்டு' அல்லது 'யூஎஸ்பி' எனப் பக்கங்கள் தெரியும். யூசர் பக்கத்துக்குப் போய்த் திரையின் கீழே உள்ள 'காப்பி'யை அழுத்த வேண்டும். நகலெடுக்க வேண்டிய ஸ்டைலைத் தேர்ந்தெடுக்கலாம். மொத்தமும் வேண்டுமானால் 'ஆல்' என்பதை அழுத்தலாம். 'ஓகே' கொடுத்த பிறகு டேப் பொத்தானால் கார்டு பக்கத்துக்கு மாறி 'பேஸ்ட்' அழுத்தினால் போதும். இதற்குப் பக்கத்திலேயே 'கட்' என்ற பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தி ஒட்டினால் ஸ்டைல் இடம் மாறுமே தவிர இரண்டு பிரதி கிடைக்காது. பாதுகாப்புக்காகச் செய்கிற வேலையில் 'கட்' பக்கம் கையே போகக் கூடாது.

ஒரு ஸ்டைல் கோப்பு பெரும்பாலும் சில பத்து கிலோபைட் அளவுதான். நூறு ஸ்டைல் சேர்த்தாலும் 10 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. இதற்காக 64 ஜிகாபைட் அட்டை வாங்கத் தேவையில்லை.

காசியோவும் கோர்க்கும்

காசியோவின் சிடிகே-7000, டபிள்யூகே-7500 போன்ற மாடல்களில் எஸ்டி கார்டு துளை உண்டு. அட்டையைக் கருவியிலேயே ஃபார்மெட் செய்தால் 'மியூசிக்டாட்' என்ற பெயரில் ஒரு கோப்புறை உருவாகும். சேமிக்கும் யூசர் ரிதம் எல்லாம் அதற்குள்தான் போகும். கணினியில் போட்டு 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றினாலோ, உள்ளே கும்மிக்கு ஒன்று, பஜனைக்கு ஒன்று என்று சிறு கோப்புறைகள் அமைத்தாலோ கருவி அவற்றைக் கண்டுகொள்ளாது. வீட்டுப் பிள்ளைகள் உதவி செய்யும்போது இந்தத் தவறுதான் அதிகம் நடக்கும்.

கோர்க் பிஏ வரிசை வேறு வழியில் போகிறது. பிஏ50எஸ்டி எஸ்டி கார்டு ஏற்கும். பிஏ300, பிஏ600 போன்றவை யூஎஸ்பி ஏற்கும். மீடியா பக்கத்தில் 'சேவ்' என்பதற்குப் போய் 'ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், 'செட்' என்று முடியும் ஒரு கோப்புறை அட்டையில் உருவாகிறது. அதற்குள் ஸ்டைல், ஒலி, பேட் என்று தனித்தனி உட்கோப்புறைகள் இருக்கும். எடுத்து வைக்கும்போது முழு கோப்புறையையும் அப்படியே எடுக்க வேண்டும்.

திரும்ப ஏற்றும்போதுதான் கவனம் தேவை. நண்பர் ஒருவர் கொடுத்த செட் கோப்புறையை மொத்தமாக ஏற்றினால், அவருடைய ஸ்டைல்கள் நம்முடையவற்றின் மேலேயே உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு ஸ்டைல்தான் வேண்டும் என்றால் செட்டைத் திறந்து, ஸ்டைல் கோப்புறைக்குள் போய், அந்த ஒன்றை மட்டும் காலியான இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். எப்படியும், அடுத்தவர் கோப்பைத் தொடுவதற்கு முன் சொந்தக் கோப்பை ஒருமுறை சேமித்துவிடுவது நல்லது.

யமாஹா ஸ்டைலும் கோர்க் ஸ்டைலும் 'எஸ்டிஒய்' என்ற ஒரே பின்னொட்டில் முடிவது ஒரு வேடிக்கை. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றதில் ஓடும் என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. உள்ளே இருப்பது முற்றிலும் வேறு.

கூடவே வராதவை

மாற்றி முடித்து வேறொரு கருவியில் போட்டுப் பார்த்தால் 'இது நம்ம தாளம் மாதிரி இல்லையே' என்று சில சமயம் தோன்றும். கோப்பு கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஸ்டைல் கோப்பில் ஒலி பெரும்பாலும் இருப்பதில்லை. எந்த ஒலியை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக வாசிக்க வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கிறது. இசைக் குறிப்புத் தாளை வேறொரு குழுவிடம் கொடுப்பது போலத்தான். அங்கே உறுமி வாசிப்பவர் இல்லை என்றால் வேறு யாரோ அந்த இடத்தில் தட்டுவார்கள்.

உறுமி விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் தொழிற்சாலை டிரம் கிட்டில் கிடைப்பது அரிது. அதனால் கலைஞர்கள் நிஜ உறுமியைப் பதிவு செய்து, அந்த வசதியுள்ள கருவிகளில் ஏற்றி, புதிய டிரம் கிட்டாக அமைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கிட்டையும் பதிவு செய்த ஒலியையும் தனியாகச் சேமிக்காமல் ஸ்டைலை மட்டும் எடுத்துப் போனால், உறுமி வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு காங்கோ ஒலிக்கும். கோர்க்கில் 'ஆல்' என்று சேமிக்கச் சொல்வதற்குக் காரணமே இதுதான்.

யமாஹாவில் இன்னொரு சிக்கல் 'ரெஜிஸ்ட்ரேஷன்'. ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்டைல், வேகம், வலது கை ஒலி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் வசதி இது. மேடையில் அடுத்தடுத்து பாடல் மாறும்போது இதை நம்பித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டைலைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. ஸ்டைல் எந்த இடத்தில், என்ன பெயரில் இருக்கிறது என்ற விலாசத்தை மட்டுமே வைத்திருக்கிறது. யூசரில் இருந்த ஸ்டைலைக் கார்டுக்கு நகர்த்திவிட்டால், அல்லது பெயரை மாற்றிவிட்டால், பொத்தான் பழைய விலாசத்தில் போய்த் தேடும். ஸ்டைல் கிடைக்காது. கார்டில் உள்ள ஸ்டைலை வைத்து ரெஜிஸ்ட்ரேஷன் அமைத்தவர்கள் அன்று அந்தக் கார்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் இதே கதி. இடம் மாற்றினால் ரெஜிஸ்ட்ரேஷனையும் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும். அந்த ரெஜிஸ்ட்ரேஷன் கோப்பையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும்.

மாடல் வயதும் முக்கியம். 2008-இல் டைரோஸ்3 வந்தபோது யமாஹா ஸ்டைல் வடிவத்தைப் புதுப்பித்தது. புதிய கருவிகள் பழைய ஸ்டைலை வாசிக்கும். ஆனால் புதிய வடிவத்தில் சேமித்த ஸ்டைலை பிஎஸ்ஆர்-3000 போன்ற பழைய கருவி திறக்காது. குழுவில் இருவர் இரண்டு தலைமுறைக் கருவி வைத்திருந்தால், பழைய கருவியில் அமைத்து புதியதற்குக் கொண்டுபோவதே எளிது.

கணினியில் பிரதி வைக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. யமாஹா ஸ்டைலின் உள்ளே இருப்பது ஒரு மிடி கோப்பும், அதன் பின்னால் 'சிஏஎஸ்எம்' என்ற ஒரு பகுதியும். கார்டு மாறும்போது ஒவ்வொரு வாத்தியமும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டளைகள் இந்தப் பின்பகுதியில்தான் இருக்கின்றன. சாதாரண இசை மென்பொருளில் ஸ்டைலைத் திறந்து மீண்டும் சேமித்தால் அந்தப் பகுதி உதிர்ந்துவிடலாம். பிறகு அது பக்கவாத்தியமாக ஒழுங்காக நடக்காது. கோப்பைத் திறக்காமல் அப்படியே நகலெடுத்து வைத்தாலே போதும்.

அட்டை வாங்கும்போது

எஸ்டி அட்டைகளில் பரவலாகக் கிடைப்பவை மூன்று வகை. 2 ஜிகாபைட் வரை சாதாரண எஸ்டி. அதற்கு மேல் 32 வரை எஸ்டிஹெச்சி. 32-க்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. பழைய கருவிகள் மூன்றாவது வகையை ஏற்காது. மிகப் பழையவை இரண்டாவதைக்கூட ஏற்காமல் போகலாம். கடையில் பெரிய அளவுதான் இருக்கிறது, விலையும் குறைவு என்று வாங்கி வந்து தவிப்பதைவிட, கருவியின் கையேட்டில் எந்த அளவு வரை என்று பார்த்துவிட்டுப் போகலாம்.

புது அட்டையைக் கருவியிலேயே ஃபார்மெட் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அது அழிந்துவிடும் என்பதால், கல்யாணப் படங்கள் உள்ள அட்டையை எடுத்து நீட்டக் கூடாது. எஸ்டி அட்டையின் பக்கவாட்டில் ஒரு சிறு பூட்டு இருக்கிறது. 'எழுத முடியவில்லை' என்று கருவி சொன்னால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஸ்மார்ட்மீடியாவில் பூட்டுக்குப் பதிலாக வெள்ளி நிறச் சிறு ஒட்டி ஒன்று; அதை ஒட்டியிருந்தால் எழுத முடியாது. சேமிப்பு நடக்கும்போது அட்டையை உருவுவதோ கருவியை அணைப்பதோ அட்டை முழுவதையும் பாழாக்கலாம்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, தாளத்தின் பெயரும் வேகமும் தெரியும்படி வைப்பது உதவும். 'நியூ ஸ்டைல் 1', 'நியூ ஸ்டைல் 2' என்று நாற்பது கோப்பு இருந்தால், அமைத்தவருக்கே எது கும்மி எது பஜனை என்று தெரியாது.

ஸ்மார்ட்மீடியா வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தள்ளிப் போடக் கூடாது. அந்த அட்டையின் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. 128 மெகாபைட்டுக்கு மேல் அது வரவும் இல்லை. அதை வாசிக்கும் கார்டு ரீடரும் இப்போது பழைய பொருள் விற்பவர்களிடம்தான் கிடைக்கும். பிஎஸ்ஆர்-3000-இல் யூஎஸ்பி துளையும் இருப்பதால், கார்டிலிருந்து நேராக விரலிக்கு நகலெடுத்துவிடலாம். பிஎஸ்ஆர்-2000 போன்ற பிளாப்பி டிஸ்க் கருவி வைத்திருப்பவர்களுக்கு, யூஎஸ்பியில் மாட்டும் பிளாப்பி டிரைவ் ஒன்று இருந்தால் டிஸ்கில் உள்ளதைக் கணினிக்கு எடுக்க முடியும். பிளாப்பி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் விரலி ஏற்கும் மாற்றுக் கருவியைப் பொருத்துவோரும் இருக்கிறார்கள். ஆனால் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த டிஸ்கை டிரைவுக்குள் திணித்தால் டிரைவின் தலைப்பகுதியும் அழுக்காகி, அடுத்து போடும் நல்ல டிஸ்கையும் கெடுக்கும். எனவே உலோக மூடியை நகர்த்தி, உள்ளே வெண்புள்ளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும். நன்றாக இருப்பவற்றை முதலில் நகலெடுத்து, சந்தேகமானவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.