ஸ்லிம் டீ பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க... உள்ளே இருப்பது நம்ம கரிசக்காட்டு நிலவாகை!

'பதினைஞ்சே நாள்ல தொப்பை காணாமப் போயிடும்' என்று ரீல்ஸில் வரும் டீடாக்ஸ் டீயை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, அதில் என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு ஒருமுறை படிச்சுப் பாருங்க. சென்னா, சோனாமுகி, சனாய், ஸ்வர்ணபத்ரி, கேசியா அங்குஸ்டிஃபோலியா... இதில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒண்ணுதான். தமிழில் நிலவாகை. அசல் பேதி மருந்து!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. தண்ணி தேங்கினால்தான் நிலவாகைக்கு ஆகாது, காய்ச்சலைத் தாங்கிக்கும். அதனால்தான் விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி, நெல்லை மாவட்ட மானாவாரிக் காடுகளில் இதை விதைக்கிறாங்க. ஆவாரைக்குச் சொந்தக்காரச் செடி, அதே மாதிரி மஞ்சள் பூ. இலையைப் பறிச்சு, பச்சை நிறம் போகாமல் நிழலில் உலர்த்தணும். பிறகு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போகுது. உலகச் சந்தையில் இதன் பெயரே 'தின்னவேலி சென்னா'. இத்தனைக்கும் பூர்வீகம் அரேபியா பக்கம்!

சரி, இது எப்படி வேலை செய்யுது? இலையிலும் காயிலும் இருக்கும் சென்னோசைடு என்ற பொருள் வயிறு, சிறுகுடல் ரெண்டையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதை உடைச்சு மருந்தாக மாத்தும். குடல் வேகமாகச் சுருங்கி விரியும், தண்ணீர் உள்ளேயே தங்கும், மலம் இளகும். இதுக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி குடிச்சால் காலையில் பாத்ரூமுக்கு ஓடுறது இதனால்தான்.

இப்போ தொப்பைக்கு வருவோம். நீங்க சாப்பிட்ட பரோட்டாவின் கலோரியைச் சிறுகுடலே பெரும்பாலும் உறிஞ்சி முடிச்சிருக்கும். நிலவாகை அதுக்கு அப்புறம்தான் வேலையை ஆரம்பிக்குது. காலையில் எடை மெஷினில் குறைஞ்சு தெரியுறது தண்ணீரும் மலமும்தான். கொழுப்பு ஒரு கிராம்கூட அசையாது. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா எடை திரும்ப வந்துடும்!

நம்ம பெரியவங்க இதைத் தினமும் குடிக்கச் சொல்லவே இல்லை. பேதிக்குச் சாப்பிடுறதுக்குத் தேரையர் வச்ச கணக்கு, நாலு மாசத்துக்கு ஒருமுறை. சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் சேரும். வெறும் இலை வயிற்றை முறுக்கி எடுக்கும். சுக்கும் ஓமமும் அதைத் தணிக்கத்தான். இங்கிலீஷ் மருத்துவமும் இதை ஒதுக்கலை. வலிக்கு மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளிகளுக்கு மலச்சிக்கல் கடுமையாக இருக்கும். அவங்களுக்கும் பயன்படும் மருந்தாக உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கு.

மலச்சிக்கலுக்கே என்றாலும், டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து குடிச்சால் உடம்பில் பொட்டாசியம் குறையும். கை கால் தளரும், இதயத்துடிப்பும் தடுமாறலாம். நாளாக ஆக, பெருங்குடலின் உள்சுவர் கறுத்துப்போகவும் செய்யும்; நிறுத்தினால் சில மாசத்தில் சரியாகும். சிறுநீர் சிவந்த மாதிரி வந்தால் மட்டும் பயப்படாதீங்க, அது மருந்தின் நிறம். கர்ப்பிணிகள், 12 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள், இதய மருந்தோ நீர் பிரிய மாத்திரையோ எடுப்பவர்கள் தானாக வாங்கிக் குடிக்கவே கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலி இருந்தாலும் அப்படித்தான்.

கடைசியா ஒரு விஷயம். தென் மாவட்டங்களில் நிலவாகையை 'அவுரி'ன்னும் சொல்வாங்க. தலைமுடிக்குச் சாயம் போட வாங்குற அவுரி, அதாவது நீலி, வேற செடி. நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே 'அவுரிப் பொடி'ன்னு கேட்காம, எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க.