கொடிமரம் ஏன் வெளியே நிற்கிறது?
விஜயராகவப் பெருமாள் கோயில், திருப்புட்குழி

கோபுர வாசலைக் கடந்த பிறகே கொடிமரத்தைக் காண்பது பெரும்பாலான கோயில்களின் வழக்கம். இங்கே கொடிமரமும் பலிபீடமும் வெளியே, ஜடாயு சன்னதியின் பக்கம் நிற்கின்றன. இராவணனோடு போரிட்டு மாண்ட கழுகரசன் ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்கிறது தலவரலாறு. திருக்குளத்தின் பெயரும் ஜடாயு புஷ்கரணிதான். கருவறையிலும் அதே கதை தொடர்கிறது. ஸ்ரீதேவி வழக்கமான வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கம் இருக்கிறாள். சிதையின் வெம்மை தாளாமல் முகத்தைச் சற்றே திருப்பியிருக்கிறாள் என்பர். தலபுராணத்தைப் பிற்பாடு ஒட்டவைத்த கட்டடம் அல்ல இது. புராணமே அமைப்பை வகுத்திருக்கிறது.

கும்பகோணத்தை அடுத்த புள்ளபூதங்குடியும், வைத்தீஸ்வரன்கோயிலின் ஜடாயு குண்டமும் இதே நிகழ்ச்சிக்கு உரிமை கொண்டாடுகின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிகழ்ச்சி எங்கே நடந்தது என்பதற்குக் கல் சாட்சி சொல்லாது. இவ்வூர் மக்கள் எதை நம்பினார்கள் என்பதற்குச் சொல்லும். திருமங்கையாழ்வார் பாடிய இந்தத் திவ்ய தேசத்தில் சோழர் காலமும் விஜயநகர காலமும் தத்தம் திருப்பணிகளைச் சேர்த்தன. இத்தனை திருப்பணிகளுக்குப் பிறகும் பறவைக்குரிய இடம் பறவைக்கே இருக்கிறது.