புகைபோக்கி தூய்மையாக்கல்

புகைபோக்கி தூய்மையாக்கல் என்பது விறகு முதலியவற்றை எரிக்கும் அடுப்புகளின் புகைக்குழாயை ஆய்வு செய்து, அதன் உட்சுவரில் படிந்த புகைக்கரியையும் பிற படிவுகளையும் அகற்றும் பணியாகும். குளிர்நாடுகளில் இது வீடுகளைச் சூடாக்கும் கணப்படுப்புகளுக்காகச் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் உதகமண்டலம் போன்ற மலைநகரங்களின் பழைய பங்களாக்களில் கணப்படுப்புகள் உள்ளன. சென்னை போன்ற வெப்பமான சமவெளி ஊர்களில் வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. அங்கு விறகடுப்புச் சமையலறையின் புகைபோக்கிக்கே இப்பணி பொருந்தும்.

படிவு உண்டாகும் விதம்

விறகு முழுமையாக எரியாதபோது எழும் ஆவிகள், குழாயின் குளிர்ந்த பகுதியில் கிரியோசோட்டு எனப்படும் தார் போன்ற பொருளாகப் படிகின்றன. ஈரவிறகை எரிப்பதும், காற்றைக் குறைத்து எரிப்பதும் படிவை மிகுவிக்கும். எனவே ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் குறைவான விறகு பரிந்துரைக்கப்படுகிறது. மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட் குச்சிகளில் ஈரம் குறைவு என்பதால் கிரியோசோட்டும் குறைவு. ஆனால் நுண்சாம்பல் குழாய் வளைவுகளில் தேங்கும்.

படிவினால் இரு தீங்குகள் நேரலாம். ஒன்று, கிரியோசோட்டு தீப்பற்றிக் குழாய் வெடிப்புறுதல். மற்றொன்று, அடைப்பினால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவளி வீட்டினுள் பரவுதல்.

ஆய்வும் தூய்மையாக்கலும்

புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆய்வு செய்தல் வேண்டும். விரிசல், பறவைக்கூடு, இணைப்புக் கசிவு ஆகியன பார்க்கப்படுகின்றன. படிவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்பை எட்டினால் அகற்றுதல் இன்றியமையாதது. அடுப்பு நன்கு ஆறிய பின், குழாயின் அளவுக்கேற்ற தூரிகையை நீண்ட கோலில் பொருத்தித் தேய்த்து, கீழே விழும் கரி அள்ளப்படுகிறது.

வரலாறு

பிரித்தானியாவில் முற்காலத்தில் சிறுவர்களே குழாய்க்குள் ஏறிச் சுரண்டினர். புகைபோக்கி துப்புரவாளர்களுக்கு விதைப்பையில் தோன்றும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775 இல் எடுத்துரைத்தார். தொழிலால் விளையும் புற்றுநோய் பற்றிய முதற் குறிப்புகளுள் இதுவும் ஒன்றாகும். 1840 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர் குழாயில் ஏறுவதைத் தடைசெய்தும் வழக்கம் நிற்கவில்லை. துப்புரவாளர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கிய 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அது ஒழிந்தது.

இந்தியாவில்

இந்திய நடுவண் அரசு 1980களில் தொடங்கி 2002 வரை நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் புகைபோக்கியுடன் கூடிய அடுப்புகள் பரவலாக அமைக்கப்பட்டன. ஒடிசாவில் இத்தகைய அடுப்புகளை ரெமா அன்னா, எசுத்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்சுடோன் ஆகியோர் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். முதலாண்டில் சமைப்போர் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாமையும், பழுதுபார்த்துப் பேணாமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. புகைபோக்கியை அமைப்பதுடன் பணி முடிவதில்லை என்பதை இவ்வாய்வு காட்டுகிறது.