கொதிக்கிறது, வேகவில்லை

துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பருப்பை எடுத்துக் கடித்தால் நறுக்கென்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற இடத்தில், வாடகை ஆர்.வி.க்குள் நாங்கள் நான்கு நண்பர்கள் பசியோடு அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆர்.வி. என்பது படுக்கை, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வண்டி. நாங்கள் எடுத்தது கிட்டத்தட்ட மினி பஸ் அளவு. சால்ட் லேக் சிட்டியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்திருந்தோம். ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கூடாரம் அடிக்க முடியாது. கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால் கெட்டிச் சுவருள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. குக்கரும் எங்களோடு வந்திருந்தது. அதன் கேஸ்கெட் மட்டும் வீட்டில், கழுவி வைத்த இடத்திலேயே இருந்தது. மறந்தவன் நான்தான்.

அந்த முகாம் கடல் மட்டத்திலிருந்து 2,350 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதை அடுப்பு தீர்மானிப்பதில்லை, தண்ணீரின் தலைமேல் அழுத்தும் காற்று தீர்மானிக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது; நீர் சீக்கிரமே ஆவியாகத் துணிகிறது. அங்கே 92 டிகிரிக்கெல்லாம் கொதித்துவிடும். அதன் பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் கூடுமே தவிர சூடு கூடாது. பருப்புக்கு வேண்டியது கொதி அல்ல, சூடு. ஊட்டியில் குடித்தனம் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. அன்றிரவு தயிரும் ஊறுகாயும் எங்களைக் காப்பாற்றின.

மறுநாள் ஓல்டு ஃபெயித்ஃபுல் என்ற கீசரை, அதாவது வெந்நீரை அவ்வப்போது வானத்தில் பீய்ச்சும் ஊற்றை, பார்க்கப் போனோம். நடுவில் பைசன் எனும் காட்டெருமைக் கூட்டம் ஒன்று சாலையை மறித்து அரைமணி நேரம் நின்றது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பைசனுக்கு 23 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி.

நம் குளியலறைக் கீசருக்குப் பெயர் வந்ததும் இந்த வகை ஊற்றால்தான். மூலம் ஐஸ்லாந்தின் கெய்சிர் என்ற ஊற்று. உலகில் இயங்கும் கீசர்களில் ஏறக்குறைய பாதி, 500க்கு மேல், யெல்லோஸ்டோனில் இருக்கின்றன. ஓல்டு ஃபெயித்ஃபுல்லின் வாய் 2,240 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரத்தில், இருக்கிறது. அங்கே திறந்த நீர் 93 டிகிரியில் கொதிக்கும். ஆனால் அதன் தொண்டைக்குள் கருவிகளை இறக்கிப் பார்த்தபோது, 22 மீட்டர் ஆழத்தில் நீரின் சூடு 118 டிகிரி இருந்தது. குக்கருக்குள் விசில் வரும் நேரத்தில் இருக்கும் சூடும் ஏறக்குறைய அதுதான். அந்த எண்ணைப் படித்ததும் எனக்கு முந்தைய நாள் பருப்பு ஞாபகம் வந்தது.

93இல் கொதிக்க வேண்டிய நீர் 118இல் எப்படிச் சும்மா இருக்கிறது? குக்கரில் ஆவியை அடக்கி வைப்பது மூடியும் வெயிட்டும். கீசருக்கு மூடி கிடையாது. மேலே நிற்கும் நீரே அதற்கு வெயிட். பத்து மீட்டர் நீர்த்தம்பம், கடல் மட்டத்தில் காற்று மண்டலம் முழுவதும் சேர்ந்து தரும் அழுத்தத்துக்கு ஈடு. 22 மீட்டர் நீரைச் சுமக்கும் அடிநீர் 118 டிகிரியிலும் கொதிக்க முடியாமல் அடங்கிக் கிடக்கிறது. கீழிருந்து பாறையின் வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆவிக் குமிழிகள் எழுகின்றன. தொண்டையில், சுமார் ஏழு மீட்டர் ஆழத்தில், பத்துப் பதினொரு சென்டிமீட்டரே அகலமுள்ள ஓர் இடுக்கு இருக்கிறது. குமிழிகள் முட்டி மோதி, வாயருகே இருக்கும் நீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளுகின்றன. கூட்டத்தினர் "ஆரம்பிச்சிடுச்சு" என்று செல்போனைத் தூக்கி ஏமாறுவது இந்தச் சிறு சிதறலுக்குத்தான்.

ஆனால் விஷயமே அந்தச் சிதறலில்தான் இருக்கிறது. மேலே கொஞ்சம் நீர் போனால் வெயிட் குறைகிறது. வெயிட் குறைந்ததும் அடியில் அதிசூட்டோடு இருந்த நீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகிறது. ஆவியான நீருக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் வேண்டும். இருப்பதோ ஒரு குழாய். மேலிருக்கும் நீரையெல்லாம் தூக்கி எறிகிறது. அது போனதும் இன்னும் ஆழத்தில் இருக்கும் நீருக்கும் விடுதலை. 32 முதல் 56 மீட்டர் வரை உயரும் வெள்ளைத் தூண், ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை நிற்கிறது. ஒரு முறைக்கு 14,000 முதல் 32,000 லிட்டர் வரை, அதாவது ஒன்றிரண்டு தண்ணீர் லாரி, வானத்துக்குப் போகிறது.

குழாய் வெடித்துவிடாதா? யெல்லோஸ்டோனின் எரிமலைப் பாறையில் சிலிக்கா ஏராளம். சூடான நீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து, சூடு தணியும்போது சுவரில் படிய விடுகிறது. கீசர் தன் குழாய்க்குத் தானே பூச்சு வேலை பார்த்துக்கொள்கிறது. சூடும் நீரும் உலகில் எங்கெங்கோ இருக்கின்றன. இப்படி ஒழுகாத குழாய் கிடைப்பதுதான் அபூர்வம்.

சூடு எங்கிருந்து வருகிறது என்றால், நாங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தரையில் பெரும்பகுதி ஓர் எரிமலையின் வாய். 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மூன்று மாபெரும் வெடிப்புகள் நடந்தன. கடைசி வெடிப்பில் தரை உள்வாங்கிப் பல பத்து கிலோமீட்டர் அகலப் பள்ளமானது. நாளைக்கே வெடிக்கும் என்று யூடியூபில் பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். அடியில் இருக்கும் பாறைக் குழம்புத் தேக்கத்தில் பெரும்பங்கு இன்று கெட்டியாகவே இருக்கிறது.

அடுத்த வெடிப்பு எரிமலைக்கு எப்போது என்று சொல்ல முடியாது, கீசருக்குச் சொல்லலாம். இந்த முறை எவ்வளவு நேரம் பீய்ச்சியது என்பதே கணக்கு. இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் குழாயில் சூடான நீர் மிச்சம் இருக்கிறது, ஒரு மணி நேரம் சொச்சத்தில் அடுத்தது. நீண்டு பீய்ச்சினால் குழாய் காலி. நிரம்பிச் சூடேற ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்து நிமிடம் முன்பின் என்று அறிவிப்புப் பலகையில் நேரம் போடுகிறார்கள். நாங்கள் பார்த்தபோது பலகை சொன்னதற்கு நான்கு நிமிடம் தாமதம். எங்கள் வண்டி ஒரு நாளும் அவ்வளவு சரியாகக் கிளம்பவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று. நூறு மீட்டர் அகலமுள்ள வெந்நீர்க் குளம். நடுவில் அடர்நீலம், ஓரத்தில் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு வளையங்கள். நீலம் நீரின் நிறம். மற்ற நிறங்கள் உயிர்கள். சூரிய ஒளியில் உணவு செய்யும் நுண்ணுயிர்களால் சுமார் 73 டிகிரி வரைதான் தாங்க முடியும். அதனால் சூடு குறையும் ஓரங்களில், ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு கூட்டமாக, பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கின்றன. அந்தக் குளத்தைப் பார்ப்பது ஒரு தெர்மாமீட்டரைப் பார்ப்பதுதான்.

இதே வட்டாரத்தில், மஷ்ரூம் பூல் என்ற ஊற்றில், 1966இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் 70 டிகிரி வெந்நீரில் சுகமாக வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார்கள். வெந்நீரில் ஆராய்ந்தவர் பெயர் ஃப்ரீஸ்! பாக்டீரியாவுக்கு தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள்.

முட்டையை வெந்நீரில் போட்டால் அதன் புரதம் உருக்குலைந்து கெட்டியாகிறது. வேகுவது என்று நாம் சொல்வது அதைத்தான். இந்தப் பாக்டீரியாவின் புரதங்கள் வேகாதவை. 1983இல் கேரி முல்லிஸ் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையை யோசித்தபோது இருந்த சிக்கலே வேகுவதுதான். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளைப் பிரிக்க 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் நகலெடுக்கும் நொதி செத்துப்போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதி ஊற்ற வேண்டியிருந்தது. யெல்லோஸ்டோன் பாக்டீரியாவின் நொதி வந்த பிறகு ஒரு முறை ஊற்றினால் போதும். முப்பது சுற்றில் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் பெருகும். முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளைச் சோதித்தது இந்த முறையின் வழித்தோன்றல்தான்.

1872இல் இந்த இடத்தை உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தவர்களுக்கு பாக்டீரியா கணக்கில் இருந்திருக்காது. தொடக்க காலத்தில் ஓல்டு ஃபெயித்ஃபுல்லுக்குள் அழுக்குத் துணியைப் போட்டு வெளுத்தவர்கள்கூட உண்டு. மார்னிங் குளோரி என்ற நீல ஊற்றில் வந்தவர்கள் நாணயம் எறிந்து எறிந்து வழி அடைபட்டு, சூடு குறைந்து, ஓரத்து ஆரஞ்சும் மஞ்சளும் உள்ளே நகர்ந்துவிட்டன. ஒரு வெந்நீர் ஊற்றை நாணயம் போட்டு ஆற வைக்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

போகிறவர்கள் மரப்பாலத்தை விட்டு இறங்காதீர்கள்; வெள்ளைத் தரை மெல்லிய பொருக்கு, அடியில் கொதிநீர். நாணயத்தைப் பையிலேயே வையுங்கள். ஆர்.வி.யில் சமைப்பதாக இருந்தால் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ்கெட்டோடு.