பழைய மோட்டார் வண்டிகளின் ஆணியும் முலாமும்

பழைய மோட்டார் வண்டிகளைப் புதுக்கி எடுக்கும் ஆர்வம் நம்மவரிடையேயும் உண்டு. 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனரும், ஒஸ்டின் ஏ40 வகைகளும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நெடுங்காலம் ஓடின. போர்க்காலத்திற் பெற்றோல் கிடையாதபோது மண்ணெண்ணெயிலும் ஓடின. இத்தகைய வண்டியைப் புதுக்குவோர் வர்ணத்தையும் இருக்கைத் தோலையும் பற்றி ஆராயும் ஆராய்ச்சியிற் பத்திலொரு பங்கையேனும் ஆணி, சுரை, வாசர் முதலிய சிறு பொருள்களுக்குச் செலவிடுவதில்லை. கழற்றியவற்றை எல்லாம் ஒரு சாக்கிலே கட்டி முலாமிடுவோனிடம் கொடுத்து, “பளபளவென்று ஆக்கித் தாரும்” என்று சொல்லிவிடுகின்றனர். இதனால் இரண்டு கேடுகள் விளையும். வண்டியின் மெய்யான தோற்றம் அழியும். சிலவேளை அதில் ஏறிச் செல்வோர் உயிருக்கும் இடர் நேரும்.

தமிழாசிரியனுக்கு ஆணியோடு என்ன உறவு என்று நகைப்போர் உளராயின், அவர்க்கு ஒன்று கூறுவேன். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அத்தகையோர் கையாண்ட முறை ஏடுகளை ஒப்புநோக்கி மூலத்தைத் தேடுவது. தமக்கு இனிதாய்த் தோன்றிய சொல்லை ஏட்டிற் புகுத்துதல் பதிப்பாகாது. வண்டியைப் புதுக்குவோனும் ஒரு பதிப்பாசிரியனே. ஏடு இருக்குமிடம் தெரிந்தாற் போதும். அது வாசரின் அடியிலும் ஆணித்தலையின் கீழும் இருக்கிறது. காற்றும் நீரும் புகாத அவ்விடங்களில், ஐம்பது அறுபது ஆண்டு கழிந்தபின்னும் தொழிற்சாலையில் இட்ட பூச்சு மாறாது கிடப்பதுண்டு. ஆகையால் அமிலத்தில் இடுமுன் ஒவ்வொன்றையும் பார்த்து எழுதிவைக்க வேண்டும். ஒவ்வோர் இனத்திலும் ஒரு பழைய ஆணியைத் துடையாமல், பெயர் எழுதிய சிறு பேணியில் இட்டு வைத்தல் இன்னும் நன்று.

கண்ணுக்குத் தெரியும் பம்பர், கதவுப்பிடி முதலியவற்றுக்குக் குரோமியம் உரியது. ஆனால் அங்கே நாம் காணும் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்கிரோமீற்றரிலும் மெல்லிய படலமே. துருவைத் தடுக்கும் வேலையை அதன் கீழுள்ள தடித்த நிக்கற் படலமே செய்கிறது. குரோமிய முலாம் வண்டிகளிற் பரவியது 1920களின் பிற்பகுதியில். அதற்கு முற்பட்ட வண்டிக்கு நிக்கலே தகும். நிக்கலின் ஒளியில் இளமஞ்சட் சாயல் இருக்கும். குரோமியத்தின் ஒளி நீலம் தோய்ந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவன் பின்னர் மயங்கான். கொரியப் போர்க் காலத்தில் (1950-53) நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்தமையால், 1952ஆம் ஆண்டு அமெரிக்க வண்டிகள் பலவற்றில் நிக்கல் இன்றியே செம்பின்மேற் குரோமியம் இட்டனர். அது விரைவிற் கெட்டது. அவ்வண்டியை இன்று புதுக்குவோர் நிக்கலையும் சேர்த்தே இடுகின்றனர். அதனைக் குறைகூற நான் துணியேன்.

மறைவான ஆணிகளின் நிலை வேறு. இவற்றுக்கு அழகு வேண்டியதில்லை. அக்காலத்துப் பிரித்தானிய, அமெரிக்க வண்டிகளிற் பல சிறு ஆணிகளுக்குக் கட்மியம் பூசினர். அது மங்கிய வெள்ளிபோல் இருக்கும். உப்புக் காற்றைத் தாங்கும். வழவழப்பானதாதலின் சுரை இலகுவாய் ஏறும். வேறு சிலவற்றுக்கு நாகம் பூசினர். நிக்கலிற் சிறு துளை விழுந்தால் அதன் கீழுள்ள இரும்பு முன்னிலும் விரைந்து அரிக்கப்படும். நாகமோ தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். மிகு பாரம் தாங்கும் ஆணிகளுக்குப் பொசுபேற்றுப் பூச்சிட்டு எண்ணெயில் தோய்த்தனர். கருஞ்சாம்பல் நிறமான அப்பூச்சு எண்ணெயைத் தன் நுண்டுளைகளிற் பிடித்துவைக்கும். வேறு பல ஆணிகள் பூட்டியபின் அயலிலுள்ள பாகத்தோடு சேர்த்துக் கறுப்பு வர்ணம் அடிக்கப்பட்டவை. 1950களின் பிரித்தானிய வண்டியொன்றில் எங்கு நோக்கினும் பொன்னிற ஆணிகள் மின்னுமாயின் ஐயுறுதல் வேண்டும். அந்நிறம் நாகத்தின்மேல் இட்ட குரோமேற்றுப் பூச்சினால் வருவது. அது பரவலானது பிற்காலத்தில்.

கட்மியம் நச்சுப்பொருள். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களை வருத்திய கொடிய எலும்பு நோய்க்கு அதுவே காரணம் என்பதை அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. கறல் பிடித்து இறுகிய ஆணியை வாயுச் சுடரினாற் காய்ச்சிக் கழற்றுவது நம் பட்டறைகளில் வழக்கம். கட்மியம் 321 பாகை செல்சியசில் உருகிவிடும். அதன் புகையைச் சுவாசிப்பது உயிருக்கே ஆபத்து. ஆகவே அத்தகைய ஆணிகளைச் சூடாக்குதலும், உலர்ந்த நிலையில் உரைத்துத் தூளெழுப்புதலும் கூடா. அதற்கு ஈடாக, பொன்னிறம் ஏற்றாத வெண்ணிற நாக முலாமை இடலாம். பளபளப்பு மிகாதபடி, முலாமுக்கு முன் நுண்மணி வீசி மேற்பரப்பை மங்கச்செய்தல் வேண்டும். அருகிற் பார்த்தாலும் வேறுபாடு தெரிவது அரிது.

இனி மேற்கூறிய உயிரிடரைச் சொல்வேன். அமிலத்திற் கழுவி மின்முலாம் இடும்போது தோன்றும் ஐதரசன் உருக்கினுட் புகுகிறது. மெல்லிய உருக்குக்கு அதனால் பெருந்தீங்கில்லை. மிகு வலிமையுள்ள கடின உருக்கோ நொறுங்கும் இயல்பை அடையும். பூட்டும்போது முறியாது, பாரம் தாங்கிச் சில மணி நேரமோ சில நாளோ சென்றபின் முன்னறிவிப்பின்றி முறியும். முலாமிட்ட சில மணி நேரத்துள் ஏறத்தாழ 200 பாகை செல்சியசிற் பல மணி நேரம் சூளையில் வைத்து அவ்வைதரசனை வெளியேற்றுவது தொழில்முறை. “சூளை உண்டா?” என்று முலாமிடுவோனிடம் கேளுங்கள், அவன் விழிப்பானாயின் சுக்கான், பிறேக் ஆகியவற்றின் ஆணிகளை அவன் கையிற் கொடாதீர்கள். அவற்றுக்குத் தக்க தரத்திற் செய்த புதிய ஆணிகளை வாங்குதலே முறை.

துருப்பிடியாது என்று கறையில் உருக்காணியை எங்கும் இடுவாரும் உளர். வழக்கமாகக் கிடைக்கும் அவ்வாணியின் இழுவலிமை சதுர மில்லிமீற்றருக்கு 700 நியூற்றன், 8.8 தர உருக்காணிக்கு 800. மேலும், கடற்காற்றில் அது அலுமினியத்தைத் தொடுமிடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். இறுக்கும்போது சுரையும் ஆணியும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதும் உண்டு. இலக்கத் தகட்டுக்கும் அலங்காரப் பட்டிகைக்கும் அதனை இடலாம். புகைக்குழாய் இயந்திரத்தோடு சேருமிடத்திற் பித்தளைச் சுரை இருந்தால், அதனைப் பித்தளையாகவே விடுக. வெப்பத்தில் இறுகிப்போகாமற் பின்னர் கழற்ற வேண்டும் என்றே அங்கே அது இடப்பட்டது.