உஷார்! முள் தைத்தும் வலிக்கவில்லையா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் காடுகரைக்குப் போகிற சர்க்கரைக்காரர்களே, இன்றைக்கே செருப்பைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். சீமைக் கருவேல முள், தேய்ந்த ரப்பரைத் துளைத்துக்கொண்டு உள்பக்கம் நுனி நீட்டியிருக்கலாம். மற்றவர்கள் ‘ஆத்தாடி’ என்று காலை உதறுகிற இடத்தில், சர்க்கரையால் நரம்பு மரத்தவர் பொழுதுக்கும் அந்த முள்மேலேயே நடப்பார். சாயங்காலம் செருப்பில் ரத்தக்கறை பார்த்துத்தான் தெரியும். “வலியே இல்லையே, சின்னப் புண்ணுதான்” என்று மஞ்சளை அரைத்து அப்பிவிட்டு மறுநாளும் களை வெட்டப் போவார். வலி இல்லாததுதான் ஐயா பயங்கரம்!

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான். விரல்கள் தாமாக உதிரவில்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் பட்ட காயத்தையே திரும்பத் திரும்ப மிதித்ததால்தான் அழுகின. பிற்பாடு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்கவும் அவருக்கு அந்தப் பாடம் கைகொடுத்தது.

மதமதப்பு, எரிச்சல், எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு, செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடப்பது: எல்லாம் நரம்பு கெடுவதன் அடையாளம். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுப்போகிறதா? அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ரத்தம் போகாத காலில் புண் எப்படி ஆறும்? பீடி குடிப்பவருக்கு இந்த அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும். கையெடுத்துக் கும்பிடுகிறேன், விட்டுவிடுங்கள்.

ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள், கால் மரத்திருந்தால் வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கவே வேண்டாம். கொப்புளம் வந்தாலும் தெரியாது. செருப்புப் போட்டு வந்ததற்காக மாரியாத்தா கோபிக்கமாட்டாள்.

கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். சுடுதண்ணீரில் காலை வைக்காதீர்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, “டாக்டர், என் காலையும் பாருங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம் போதும்.

பாதம் சிவந்து, சூடாகி வீங்கினாலோ, புண் நாறினாலோ, விரல் கறுத்தாலோ, ‘சந்தை முடியட்டும், அறுப்பு முடியட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.