வாக்குறுதியும் காணி உறுதியும்

இறைவனுடைய வாக்கை நம்புதல் என்பது ஐயமே எழாத மனநிலை என்று கருதுவோர் பலர். ஐயம் எழுந்ததும் தமக்கு விசுவாசம் இல்லையென்று வருந்துவோரும் உளர். விவிலியத்தில் எரேமியா நூலின் 32 ஆம் அதிகாரம் வேறொரு விளக்கத்தைத் தருகின்றது. அது ஒரு காணி வாங்கிய வரலாறு.

கி.மு. 587 ஆம் ஆண்டளவில், யூதாவின் அரசன் சிதேக்கியாவினுடைய ஆட்சியின் 10 ஆம் ஆண்டில், பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் வீழும் என்று அறிவித்த எரேமியா தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அவ்வேளை அவருடைய உறவினனான அனாமெயேல் வந்து, ஆனதோத்து ஊரிலுள்ள தன் நிலத்தை வாங்குமாறு வேண்டினான். குடும்பத்து நிலம் பிறர் கைக்குச் செல்லாது மீட்கும் உரிமை எரேமியாவுக்கு இருந்தது. ஆனால் அவ்வூர் எருசலேமிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. பகைவர் படை சூழ்ந்த நாட்டிலே அந்நிலத்தால் யாது பயன்?

ஆயினும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். இக்கால நிறையில் அது ஏறக்குறைய 190 கிராம் ஆகும். சாட்சிகள் ஒப்பமிட்டனர். பத்திரத்தின் ஒரு படி முத்திரையிடப்பட்டது; மற்றது திறந்திருந்தது. முத்திரையிட்டது மாற்றத்துக்கு இடங்கொடாது. திறந்தது வேண்டியபோது பார்ப்பதற்கு உதவும். 1961 இல் சாக்கடலருகே குகையொன்றிற் கிடைத்த, பாபத்தா என்னும் பெண்ணின் பத்திரங்கள் பலவும் இத்தகைய இரட்டைப் பத்திரங்களே. எரேமியாவின் பத்திரங்களை அவருடைய எழுத்தரான பாரூக்கு, நெடுநாள் நிலைக்கும்படி மண்பாண்டத்தில் வைத்தார்.

பத்திரம் எழுதி முடிந்த பின்னரே எரேமியா மன்றாடினார். படைப்பின் வல்லமையைப் போற்றித் தொடங்கிய அம்மன்றாட்டு, மதிலை நெருங்கிய முற்றுகை மேடுகளைச் சுட்டி, இந்நிலையிலா நிலம் வாங்கச் சொன்னீர் என்ற திகைப்பில் முடிகின்றது. இறைவன் அவரைக் கடியவில்லை. நகரம் வீழ்வது உறுதி என்றும், பின்னொரு காலம் அந்நாட்டிலே மீண்டும் நிலங்கள் வாங்கப்படும் என்றும் விடை கிடைத்தது.

மறு ஆண்டு நகரம் வீழ்ந்தது. எரேமியா பின்னர் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் அந்நிலத்தில் விதைத்ததாகவோ அறுத்ததாகவோ விவிலியம் கூறவில்லை. ஆனால் பாரசீக மன்னன் கோரேசு கி.மு. 539 இல் பாபிலோனைக் கைப்பற்றியபின், சிறைப்பட்டோர் நாடு திரும்ப அனுமதி பெற்றனர். எஸ்றா நூல் தரும் பட்டியலில் ஆனதோத்தார் 128 பேர் காணப்படுகின்றனர்.

இவ்வரலாறு கிறித்தவ வாழ்வுக்கு மூன்று பாடங்களைத் தருகின்றது. வாக்கை முழுமையாகக் கேட்க வேண்டும் என்பது முதலாவது. துன்பமே வாராது என்று எரேமியாவுக்குச் சொல்லப்படவில்லை; துன்பம் முடிவன்று என்றே சொல்லப்பட்டது. நோயுற்ற பிள்ளையின் அருகே விழித்திருக்கும் தாய்க்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது. தான் விரும்பிய முடிவு கிட்டாதபோது, தன் நம்பிக்கைக் குறைவே அதற்குக் காரணம் என்று அவள் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. வாக்குக்கு இசைந்த இன்றைய சிறு கடமையைச் செய்தல் இரண்டாவது. ஐயத்தை மறைக்காது இறைவன் முன்னிலையிலேயே சொல்லுதல் மூன்றாவது.

ஈழத்துத் தமிழர் காணிப் பத்திரத்தை ‘உறுதி’ என்று வழங்குவர். உறுதி பெட்டியில் இருக்கையில் விளைச்சல் கண்ணுக்குத் தெரிவதில்லை. உரிமை மட்டும் நிலைத்திருக்கின்றது. இறைவனின் வாக்குறுதியும் அத்தகையதே. அதனை நம்பக் கற்பவன் அறுவடை நாளை அறியான். எனினும், மண்பாண்டத்தைப் பத்திரமாக மூடி வைக்கின்றான்.